பந்தயக் குதிரையை வாங்கி வளர்ப்பவர்களுக்கு

கிண்டியிலோ பெங்களூரிலோ ஓடி ஓய்ந்த குதிரையை வாங்கியிருக்கிறீர்களா? உடனே சேணம் போட்டு ஏறாதீர்கள். ஓரிரு மாதம் காலாற மேயட்டும். தானியத்தை ஒரே நாளில் நிறுத்தாமல், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் வேண்டும். வயிறு காலியாகக் கிடந்தால் இரைப்பையில் புண் வரும், பாவம், பந்தயக் குதிரைகளில் பலவற்றுக்கு ஏற்கெனவே அது இருக்கும்.

சவாரியில் முக்கியமானது கடிவாளம். இழுத்துப் பிடித்தால் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தே ஓட்டிப் பழக்கியதால், இறுக்கினால் இன்னும் வேகமெடுக்கும். லேசாகப் பிடித்து, உடனே தளர்த்துங்கள். ஏறும்போது அசையாமல் நிற்கவும் அதற்குப் பழக்கமிருக்காது. நடக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். அதற்காக அடிக்க வேண்டாம். நின்றதும் ஒரு துண்டு கேரட் கொடுத்துப் பழக்குங்கள்.