காளிய மர்தன் படத்தை வீட்டில் எப்படிப் பார்ப்பது

ஊமைப்படம்தான், ஆனால் அதைச் சத்தமே இல்லாமல் பார்க்கக் கூடாது. அந்தக் காலத்துக் கொட்டகைகளில் ஒருவர் நின்றுகொண்டு, திரையில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வார். ஆர்மோனியம், தபேலாவும் இருக்கும். வீட்டில் அந்த வேலையெல்லாம் நம்முடையது.

ஊமைப்பட இயக்குநர் தாதாசாகேப் பால்கே எடுத்தவற்றில் 1919-இல் வந்த காளிய மர்தனைத் தேர்ந்தெடுங்கள். 1913-இல் வந்த ராஜா ஹரிச்சந்திராவில் துண்டுகள்தான் கிடைக்கின்றன. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம் ஒரு அடிகூட மிஞ்சவில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. காளிய மர்தன் பெரும்பகுதி தப்பித்துவிட்டது. யூடியூபில் தேடினால் வரும்.

ஆட்கள் வெடுக் வெடுக்கென்று நடந்தால் வேகம் தப்பு என்று அர்த்தம். அப்போது கேமராவைக் கையால் சுற்றி நொடிக்கு 16, 18 படம் என்ற கணக்கில் எடுத்தார்கள். இப்போது ஓடுவது 24. வேகத்தை 0.75 ஆக்குங்கள். சேர்த்துவிட்ட இசை இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அட்டைகள் தமிழில் இல்லை. அதனால் முதல் நாளே தனியாக ஒருமுறை பார்த்து, ஒவ்வொன்றின் சாரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கும்போது உங்கள் வீட்டுப் பேச்சிலேயே படியுங்கள். யசோதை நம் வீட்டு அம்மா மாதிரிதான் அதட்ட வேண்டும்.

தொடக்கத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். கண்ணனாக நடிப்பது பால்கேயின் மகள் மந்தாகினி, ஏழு வயது. கதைக்கு முன்னால் அவள் முகம் மட்டும் திரையில் வரும். ஒவ்வொரு பாவமாகக் காட்டுவாள். பிறகு அந்த முகமே கண்ணனாக மாறும். "தாத்தா, இது பொண்ணுதானே?" என்று என் பேத்தி கேட்டாள். அவளுக்கும் ஏழு வயது. ராஜா ஹரிச்சந்திராவில் அரிச்சந்திரன் மனைவி தாராமதியாக நடித்தது சாளுங்கே என்ற ஆண். நடிக்கப் பெண்கள் கிடைக்காததால் சமையல் வேலையில் இருந்தவரைப் பிடித்துச் சேலை கட்டிவிட்டார்கள். ஆறே வருடத்தில் ஒரு சிறுமி கண்ணனாகிவிட்டாள். பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள், ஆனால் முகம் மறைந்த பிறகு.

சரி, வாத்தியம். என்னிடம் இருப்பது கஞ்சிரா. தோலில் தண்ணீர் தடவிச் சுருதியை நன்றாக இறக்கி மடியில் வைத்திருப்பேன், வெண்ணெய்க் குறும்பு முடியும்வரை தொடமாட்டேன். கண்ணன் மரத்திலேறி யமுனையில் குதிக்கும்போதும் அமைதிதான். காட்சி நீருக்கடியில் போய்க் காளியன் தெரிந்ததும் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தட்டு. சண்டை வளர வளர வேகம் கூட்டுங்கள். கஞ்சிரா இல்லையென்றால் பித்தளைக் குடம் போதும்; வாயில் உள்ளங்கையால் அடித்தால் அதே கும்மென்ற நாதம் வரும். பாம்பின் தலைமேல் கண்ணன் எழும்போது பிள்ளைகளைக் கைதட்ட விடுங்கள்.

முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். அந்த முதல் முகக் காட்சியை இன்னொரு தடவை ஓட்டுங்கள். இந்த முறை பிள்ளைகளும் மந்தாகினியோடு சேர்ந்து சிரிப்பார்கள், முறைப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள்.