தெருவில் ஓடும் மழைநீர் வடிகாலை அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து காப்பாற்றுவது எப்படி?

சென்னையில் செப்டம்பர் வாக்கில் மாநகராட்சி வடிகால்களைத் தூர் வாரும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எல்லோரும் மாநகராட்சியைத் திட்டுவோம். திட்டுவதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிகாலுக்குள் கண்டதையும் கொட்டுவது பெரும்பாலும் தெருவாசிகளான நாம்தான், அதுவும் அது எங்கே போகிறது என்று தெரியாமல். உங்கள் ஒரு தெருவில் மட்டும் இதைப் புரியவைக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம். சங்கம், பேனர், வசூல் எதுவும் வேண்டாம்.

படி 1: முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

தெருவுக்கு அடியில் இரண்டு தனித்தனி வழிகள் போகின்றன. சாலையில் வட்ட மூடி போட்டிருப்பது பாதாளச் சாக்கடை, அது மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீர் எல்லாம் அதில் போய் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. சாலை ஓரமாக கான்கிரீட் ஸ்லாப் மூடி, அங்கங்கே தண்ணீர் இறங்க வாய் வைத்திருப்பதுதான் மழைநீர் வடிகால். அது மாநகராட்சியுடையது, அதில் சுத்திகரிப்பு என்று ஒன்றும் கிடையாது. விழுந்தது விழுந்தபடியே கால்வாய்க்குப் போகும். தி.நகர் பக்கம் என்றால் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாறு, ஓட்டேரி பக்கம் என்றால் ‘ஓட்டேரி நல்லா’ என்கிற ஓடை வழியாக பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கடல்.

உங்கள் தெருத் தண்ணீர் எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விவரம் பின்னால் ரொம்ப உதவும்.

படி 2: வெயில் நாளில் ஒரு நடை

மழை பெய்து ஒரு வாரம் பத்து நாள் ஆனபிறகு தெருவை ஒரு சுற்று சுற்றி, வடிகால் வாய்களைக் குனிந்து பாருங்கள். மழையே இல்லாதபோது உள்ளே தண்ணீர் ஓடினால் எங்கிருந்தோ வேறு தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். நுரையாக வந்தால் துணி துவைத்ததோ வண்டி கழுவியதோ. கறுப்பாக, மூக்கைப் பிடிக்கவைக்கிற நாற்றத்தோடு வந்தால் யாரோ கழிவுநீர்க் குழாயை இதில் இணைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்லாப்பைத் தூக்கிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம், உள்ளே விஷவாயு இருக்கலாம். பார்த்ததை ஒரு தாளில் குறித்து, போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.

படி 3: ஆள் பார்த்துப் பேசுங்கள்

பொதுவாக எல்லோருக்கும் அறிவுரை சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கொட்டுகிற ஆளிடம், அவருக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டும்.

கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஆரம்பியுங்கள், அடைப்புக்குப் பெரிய காரணம் அங்கேதான் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் சிமென்ட் சட்டியையும் கரண்டியையும் கழுவி அந்தக் கலங்கல் தண்ணீரை வடிகால் வாயில் ஊற்றுவார்கள். அது அடியில் போய் இறுகிவிடும், பிறகு மண்வெட்டியால் தூர் வார வருகிறவர்களால் அதைப் பெயர்க்க முடியாது. சாலையோரம் கொட்டிய எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) முதல் மழையிலேயே உள்ளே இறங்கிவிடும். “மேஸ்திரி, சட்டியை உள்பக்கம் மண்ணுல கழுவுங்க, இங்க அடைச்சா நீங்க தோண்டுன அஸ்திவாரக் குழியிலதான் தண்ணி நிக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். குவியலைச் சுற்றி மணல் மூட்டை ஒரு வரிசை அடுக்கச் சொல்லுங்கள், மூட்டையும் மணலும் அவரிடமே இருக்கும்.

மெக்கானிக் கடையில் பழைய ஆயிலைத் தரையில் விடாமல் டிரம்மில் பிடித்து வைத்தால் வாங்கிப் போக ஆள் வருவார்கள், அது அவருக்கே தெரியும். ஞாபகப்படுத்தினால் போதும். தள்ளுவண்டிக்காரர், டீக்கடைக்காரர் என்றால் எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவச் சொல்லலாம். ஆனால் கழுவிய தண்ணீர் ஊற்ற அவருக்கு ஓர் இடம் வேண்டுமே? பக்கத்துக் கட்டடத்துக்காரர் தன் சாக்கடைத் தொட்டியைக் காட்டினால்தான் இது நடக்கும், ஆகவே அவரிடமும் பேசுங்கள்.

அப்பார்ட்மென்டில் கார் கழுவுகிற வாட்ச்மேனிடம் சொல்லிப் பயனில்லை, கார் வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள். ஹோஸ் பைப்புக்குப் பதில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

கூவம், மீன், சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தால் ஆளைப் பிடிக்க முடியாது, இது என் அபிப்பிராயம். எலிக்காய்ச்சல் என்று சொல்லுங்கள், நின்று கேட்பார்கள். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்தில் காலில் புண்ணோடு நடந்தால் வரக்கூடிய நோய் அது. குப்பை கிடந்தால் எலி வரும், அடைத்தால் வெள்ளம் நிற்கும், அவ்வளவுதான் கதை.

படி 4: வாட்ஸ்அப்

நீளமான ஃபார்வர்டு யாரும் படிப்பதில்லை. நம் தெரு வடிகாலின் போட்டோ ஒன்று, கீழே இரண்டு வரி: “இது சாக்கடை கிடையாது. இதில் போடுவது நேரே அடையாற்றுக்குப் போகிறது. பெருக்கிய சருகைக்கூட இதில் தள்ள வேண்டாம்.” யார் வீட்டு வாசல் என்று தெரிகிற மாதிரி போட்டோ போடாதீர்கள், அப்புறம் வடிகாலை விட்டுவிட்டு அந்தச் சண்டைதான் ஓடும்.

படி 5: வடிகால் வாயில் எழுதுங்கள்

பொறியாளரிடமோ கவுன்சிலரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அட்டையில் எழுத்து வெட்டி, “மழைநீர் மட்டும்” என்று பெயின்ட் அடியுங்கள். கீழே அது சேரும் ஆற்றின் பெயர். தெருப் பிள்ளைகளை அடிக்கவிட்டால், அதன்மேல் குப்பை கொட்டுகிறவரை அவர்களே கேட்பார்கள்.

படி 6: புகார்

உடைந்த ஸ்லாப், அடைப்பு என்றால் மாநகராட்சிக்கு 1913. தூர் வாரிய வண்டலை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனாலும் இதே எண்ணுக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் அது மறுபடி உள்ளேதான். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் இணைப்பு விஷயத்தில் மட்டும் முதலில் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். பல இடங்களில் பிளம்பர் சுலபமாக இருக்கிறதென்று இணைத்திருப்பார், குடியிருப்பவர்களுக்குத் தெரிந்தே இருக்காது. முறைப்படி மெட்ரோ வாட்டரில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் புகார் கொடுக்கலாம்.

படி 7: முதல் மழை

தூறல் விட்டதும் போய்ப் பாருங்கள். வடிகால் வாயில் சருகும் கவரும் ஒட்டிக்கொண்டிருக்கும், நீளமான விளக்குமாற்றால் இழுத்து ஓரம் போட்டு, குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள், வெறுங்கையை விடாதீர்கள். தண்ணீர் ஏற்கெனவே தேங்கி நின்றால் இறங்க வேண்டாம். மூடி இல்லாத குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது, மின்வாரியப் பெட்டியும் பக்கத்தில் இருக்கும்.