பேலன்ஸ் ஷாஃப்ட் மார்க்கில் ஏமாறும் இடங்கள்

வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைப் பூட்டுவதில் தப்பு செய்தால் இன்ஜினே காட்டிக்கொடுத்துவிடும்; ஸ்டார்ட் ஆகாது, இல்லையென்றால் வால்வு வளையும். இன்ஜின் உதறலை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் அப்படியில்லை. தப்பாகப் பூட்டினாலும் வண்டி முதல் செல்ஃபிலேயே எடுக்கும். பிறகு ஸ்டீயரிங் நடுங்கும், நாம் இன்ஜின் மவுன்ட்டை மாற்றிக்கொண்டிருப்போம்.

வரிசையாக நாலு சிலிண்டர் உள்ள இன்ஜின், பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று வருவதற்குள் மேலும் கீழுமாக இரண்டு முறை உதறும். அதை அடக்கத்தான் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டும் கிராங்க்கைவிட இரு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. அரைச் சுற்று தள்ளிப் பூட்டினால் அடக்குவதற்குப் பதில் உதறலோடு கூட்டுச் சேரும். ஷாஃப்ட்டே இல்லாமல் ஓட்டுவது இதைவிட மேல்.

முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இரண்டு ஷாஃப்ட்டின் கனமான பக்கமும் கீழே தொங்க வேண்டும். இது புரிந்தால் பாதித் தவறு வராது.

எல்லாரும் பயப்படும் இடம் கலர் லிங்க், அதாவது மார்க்கோடு சேர்த்து மாட்ட நிறம் பூசிய செயின் கண்ணி. ஜிஎம் ஈகோடெக் 2.2-இல் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்குத் தனிச் செயின்; வாட்டர் பம்ப்பையும் அதுதான் சுற்றுகிறது. பூட்டிவிட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தால் கலர் லிங்க் மார்க்கைவிட்டு எங்கோ போயிருக்கும். பதறிக் கழற்ற வேண்டாம். பல சுற்றுக்குப் பிறகே அது திரும்பி வரும். அந்த நிறம் பூட்டும் நேரத்துக்கு மட்டும்தான். சுற்றிய பிறகு ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) உள்ள மார்க்கைப் பாருங்கள்.

ஆனால் அந்த மார்க்கும் ஏமாற்றும். மிட்சுபிஷி 4ஜி63 செயின் இல்லாத பெல்ட் இன்ஜின்தான், ஆனால் பாடம் ஒன்றே. ஒரு பேலன்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றும் ஆயில் பம்ப் ஸ்ப்ராக்கெட்டின் மார்க் கச்சிதமாக நிற்கும். உள்ளே அந்த ஷாஃப்ட் அரைச் சுற்று தள்ளியிருக்கும். பிளாக்கின் பக்கவாட்டு பிளக்கைக் கழற்றி 8 மி.மீ. ஸ்க்ரூ டிரைவரை விடுங்கள். 60 மி.மீ.க்கு மேல் போனால் சரி. 20, 25 மி.மீ.யிலேயே முட்டினால் ஸ்ப்ராக்கெட்டை ஒரு முழுச் சுற்று சுற்றி, மார்க்கை மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

பழைய செயினில் பெயின்ட் வைத்து அதைப் பார்த்துப் புதியதை மாட்டுவதும் வேண்டாம். முன்பு பூட்டியவர் தவறியிருந்தால் அதையே நகல் எடுப்பீர்கள். கவரை மூடுமுன், செயினை இறுக்கும் டென்ஷனரை அடக்கி வைத்த பின்னை (ஊசியை) உருவினீர்களா என்று ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.