குடிக்கிறவர் கொழுப்பு டெஸ்டுக்கு வரும்போது

பாளையங்கோட்டையில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ஞாயிறு ராத்திரி குடித்துவிட்டு, திங்கள் காலை வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டும் அண்ணாச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். 12 மணி நேரப் பட்டினி மட்டும் போதாது. முந்தைய 24 மணி நேரம் மதுவும் கூடாது. ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவர் டெஸ்டுக்காகத் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். அதுவரை குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள், குறித்துக்கொள்வோம்.

ரிப்போர்ட்டில் முதலில் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மது ஈரலைக் கூடுதலாகக் கொழுப்பு தயாரிக்க வைக்கும். அது ரத்தத்தில் வந்து சேரும். ரொம்ப ஏறினால், ரத்த அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் சீரம் என்கிற நீரே பால் மாதிரி வெளுத்திருக்கும். 400ஐத் தாண்டினால் கணக்குப் போட்டுச் சொல்லும் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) எண்ணை நம்ப முடியாது, நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். 500க்கு மேல் கணைய அழற்சி பயமும் உண்டு.

குடிக்கிறவருக்கு எச்டிஎல் பெரும்பாலும் கூடியிருக்கும். "நல்ல கொழுப்புதானே தாயி" என்று சிரிப்பார்கள். மது ஏற்றிவிட்ட எச்டிஎல் இதயத்தைக் காக்கும் என்று இருந்துவிடாதீர்கள். பல வருடக் குடியில் இதயத் தசை தளர்ந்து விரியும், துடிப்பு தாறுமாறாகும். இந்த டெஸ்ட் அதையெல்லாம் காட்டாது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா? இங்கே உள்ள அரசு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) பற்றிக் கேளுங்கள்.