செந்நாயைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

மசினகுடி ரோட்டில் வண்டி நின்றதுமே பின்சீட்டிலிருந்து "ஓநாய், ஓநாய்!" என்று ஒரு குரல் வரும். முதல் தவறு அதுதான். முதுமலையில் கூட்டமாக ஓடுவது செந்நாய். ஓநாய்க்குப் பிடித்தது வறண்ட வெட்டவெளியும் புதர்க்காடும். செம்மண் நிற உடம்பு, வட்டக் காது, கறுத்த புசுபுசு வால் இருந்தால் செந்நாய்தான். நாய் மாதிரி குரைத்துக்கொண்டு திரியாது. ஒன்றையொன்று கூப்பிட விசில் அடிக்கும்.

அடுத்து, "முன்னால போறதுதான் தலைவன்" என்பது. சண்டை போட்டு ஜெயித்த ஓநாய்தான் கூட்டத்தை ஆளும் என்ற கதை, கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதப்பட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், 1999இல் அதைத் தானே திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அம்மா, அப்பா, பிள்ளைகள். செந்நாயிடமும் இந்தக் குடும்பச் சாயல் உண்டு. பெரும்பாலும் ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்றவை வயிறு நிறையத் தின்றுவந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். குட்டிகள் கூடவே ஓடும் வயதானால், இரை விழுந்த இடத்தில் பந்திக்கு முந்துவது அவைதான். தலைவன் சாப்பிட்ட பிறகே மற்றவை என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்!

மூன்றாவது, மானைக் காப்பாற்றப் போவது. செந்நாய் உயிரோடு கடித்துத் தின்னத் தொடங்கும்; பார்க்கச் சகிக்காது, சரி. ஆனால் கல்லெறிந்து விரட்டினால் அடிபட்ட மான் பிழைக்கப் போவதில்லை. பசித்த கூட்டம் இன்னொரு மானைத் துரத்தும். பக்கத்துப் பந்திப்பூரில் 1970களில் செந்நாய்களை ஆராய்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர். அவை கொன்ற இரையை மனிதர்கள் பிடுங்கிக்கொண்டு போவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

"மானையெல்லாம் தீர்த்துடும்" என்று வெள்ளைக்காரன் காலத்தில் செந்நாய்த் தலைக்குக் காசு கொடுத்தார்கள். புல்லும் தண்ணீரும் காடும் இருக்கிற இடத்தில் மான் தீர்ந்துவிடாது. தீரும் நிலையில் இருப்பது செந்நாய்: உலகம் முழுக்க, இனப்பெருக்க வயதில் 949 முதல் 2,215 வரை இருக்கலாம் என்பது 2015 மதிப்பீடு.

ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்ததால் மூன்று கூட்டம் என்று எண்ணிவிடவும் கூடாது. புலிக்கு வரி இருக்கிறது, கேமராவில் அடையாளம் பிடிக்கலாம்; செந்நாய்க்கு அது கிடையாது.

கடைசியாக, நம் வீட்டு நாய். வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் அதிலிருந்து செந்நாய்க்குத் தொற்றும். ஒரு கூட்டமே போய்விடலாம். காட்டோரம் குடியிருந்தால் நாய்க்கு இரண்டுக்குமே ஊசி போடுங்கள், ராத்திரி அவிழ்த்து விடாதீர்கள்.