பழைய மாருதி 800: பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் எங்கிருந்து பார்ப்பது?

பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் ஒதுங்குகிறது. காலை எடுத்த பிறகு கொஞ்ச தூரம் இடப்பக்கம் இழுக்கிறது. என்னுடைய 2003 மாருதி 800-இல் இந்தத் தொல்லை வந்தபோது ஒர்க்ஷாப்பில் முதலில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை அமுக்கிப் பிடிக்கும் பேடை மாற்றினார்கள். சரியாகவில்லை. அடுத்து பேடைத் தள்ளும் கேலிப்பர் இரண்டும் போய்விட்டது என்றார்கள். கடைசியில் பழுதாக இருந்தது இடப்பக்க முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். சில நூறு ரூபாய்ப் பொருள். ஆகவே இந்தப் பதிவில் எதைக் கழற்றுவது என்பதைவிட, கழற்றும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அதிகம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள எந்தப் பழைய வண்டிக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

ஜாக்கி வைப்பது, சக்கரம் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: வண்டியை ஜாக்கியில் விட்டுவிட்டுக் கையை உள்ளே நுழைக்காதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

1. முதலில் மிதித்துப் பாருங்கள்

பாதி நோயை மிதியே (பெடலே) சொல்லிவிடும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மறுபடி மிதித்தால் மேலேயே நின்றால், பெரும்பாலும் பின்பக்க டிரம்முக்கும் அதை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பு இருந்தாலும் வயதான வண்டியில் அது துருப்பிடித்து நின்றுவிடும்.

மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் வாஷர் (ரப்பர் சீல்) தேய்ந்திருக்கிறது. வெளியே எங்கும் ஈரமே இல்லாமல், பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறையாமல் இருந்தால் பின்னது.

மிதி கல் மாதிரி இருந்தால், எஞ்சின் வேக்கத்தால் மிதிக்கு உதவும் பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதி இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் வாங்க ஓடாமல், அதற்கு வரும் வேக்கம் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. ஆயில் டப்பா

அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்ற வேண்டாம். பேட் தேயத் தேய கேலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் மெல்லக் குறைவது இயல்பே. சட்டென்று குறைந்தால்தான் கசிவு. பின்சக்கரங்களின் உட்பக்கம் டயர் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. ஆயில் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கத்திலிருந்து பூஸ்டருக்குள் போய்க்கொண்டிருக்கலாம். இரண்டும் சேரும் இடத்தில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. எந்தச் சக்கரம் பிடிக்கிறது?

பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடவில்லை என்று அர்த்தம். என் வண்டியில் இடது முன்சக்கரம்.

4. ஹோஸா, கேலிப்பரா, மாஸ்டர் சிலிண்டரா?

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மூன்றில் எது கெட்டாலும் சக்கரம் பிடிப்பது ஒரே மாதிரிதான் இருக்கும்.

சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் ஓட வேண்டாம். பிரேக்கை ஓங்கி இரண்டு முறை மிதித்து விடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்க வேண்டும். பேட் லேசாக உரசும் சத்தம் இயல்பு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இறுகியிருக்கும்போதே, இரும்புப் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் நட்டைக் கால் திருப்பு இளக்குங்கள். ஒரு கந்தல் துணியைக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் ஹோஸும் கேலிப்பரும் நல்லவை. அழுத்தம் மேலே மாட்டிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போங்கள்.

விடவில்லையா? நட்டை இறுக்கிவிட்டு, கேலிப்பரில் உள்ள நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகு) திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் விட்டுவிட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. அப்போதும் பிடித்தபடியே இருந்தால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது கேலிப்பர் நகரும் பின்கள் காய்ந்துபோயிருக்கின்றன.

வரிசை மாறவே கூடாது. முதலில் மேலே உள்ள நட்டு, அப்புறம்தான் நிப்பிள். நிப்பிளை முதலில் திறந்தால் மொத்த அழுத்தமும் போய்விடும். ஹோஸா மாஸ்டர் சிலிண்டரா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

ஹோஸ் வெளியே புத்தம் புதிது மாதிரி இருக்கும். உள்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் தாமதமாகப் போவதால் அந்தச் சக்கரம் பிந்திப் பிடிக்கிறது, வண்டி எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது. விட்ட பிறகு அதே ஆயில் திரும்ப முடியாமல் நிற்பதால் இந்தப் பக்கம் இழுக்கிறது. கழற்றிய என் ஹோஸில் வாய் வைத்து ஊதிப் பார்க்க நினைத்தேன். பிரேக் ஆயில் விஷம் என்பதால் மெல்லிய கம்பியை விட்டேன். பாதியில் முட்டி நின்றது.

5. மாற்றுவது

முந்தின நாளே நட்டுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள், டிஸ்க்கில் படாமல். சாதா ஓப்பன் ஸ்பேனர் இந்த நட்டுக்கு எமன்; முனை மழுங்கிவிட்டால் பைப்பையே மாற்ற வேண்டிவரும். வாயில் சிறு பிளவு உள்ள ஃபிளேர் நட் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். ஹோஸ் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள், இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும்.

கேலிப்பர் பக்கம் உள்ள செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். கேலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, புது ஹோஸ் எதிலும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முன்சக்கர ஹோஸையும் சேர்த்தே மாற்றுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம். பழைய பிரேக் ஹோஸ் மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம்.

6. ஏர் எடுப்பது (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது)

டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த ஆயில், அதுவும் புதிதாக உடைத்த டின்னிலிருந்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவுகோல் 140 டிகிரிதான். திறந்து ஆறு மாதம் அலமாரியில் கிடந்த டின்னைத் தொடாதீர்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

தம்பியை சீட்டில் உட்கார வைத்து, மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இது முக்கியம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் மிதி வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் கசடும் இருக்கும். தரைவரை மிதித்தால் கப் வாஷர் அதில் உரசிக் கிழியும். ஏர் எடுத்த மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று புலம்புபவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரம் முதலில். நம் வண்டியில் பின்பக்க இடது. நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். “மிதிச்சுப் பிடி” என்றதும் திறக்க வேண்டும், மூடிய பிறகுதான் “விடு”. குமிழி நிற்கும்வரை தொடருங்கள். நடுநடுவே டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் மீண்டும் முதலிலிருந்து.

முடிந்ததும், நகர்த்தும் முன் மிதி இறுகும்வரை மிதித்துவிட்டு, காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை

கேலிப்பர் மாற்றியபின் எத்தனை முறை எடுத்தும் காற்று போகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். நிப்பிள் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கேட்டேன். கீழே. இடது வலது மாறிப்போயிருந்தது. காற்று மேலேதான் தங்கும், எனவே நிப்பிளும் மேலேதான் இருக்க வேண்டும்.

இன்னொருவருக்கு ஹோஸ் மாற்றியும் இரண்டு முன்சக்கரங்களும் பிடித்தன. மிதியை விரலால் தள்ளினால் சிறிதளவாவது சும்மா ஆட வேண்டும். அவருக்கு ஆட்டமே இல்லை. மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியை இறுக்கமாக வைத்திருந்தார்கள். ஆயில் திரும்பும் துளை திறக்கவே இல்லை.

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் கன்னும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ வேண்டாம், உப்பிவிடும். புது பிரேக் ஆயிலே போதும்.