அடுத்த போமின் பங்ஷனைக் கூப்பிடுமுன்

சனிக்கிழமைகளில் கல்முனையில் நாலைந்து பிள்ளைகளுக்கு மைக்ரோசொஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒருவன் காட்டிய கோட்டில் "போம்_மாணவர்" (Form_) என்று தொடங்கும் ஒரு வரி: ஒரு போமிலிருந்து (பதிவு போடும் திரை) இன்னொரு போமுக்குள் எழுதிய பங்ஷனைக் கூப்பிடுவது. அதே மாதிரி ஒரு வரிக்காக நான் ஒரு பெரும்போக நெற்பருவம் முழுக்கப் பதில் சொல்லித் திரிந்தவன்.

எழுத்துப்பிழை, புள்ளி விட்டது எல்லாவற்றையும் அக்சஸே காட்டித்தரும். அவற்றை விடுகிறேன்.

மூடிக்கிடக்கும் போமைக் கூப்பிடுவது

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்குச் செய்த வேலை. கொள்வனவு போமில் நெல்லின் நிறையும் ஈரப்பதமும் பதிவார்கள். 14 சதவீதத்துக்கு மேலுள்ள ஈரத்தைக் கழிக்கும் பங்ஷனையும் அந்தப் போமுக்குள்ளேயே வைத்தேன். ஈரம் 20 என்றால் 1000 கிலோவை 86 ஆல் வகுத்து 80 ஆல் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 930 கிலோவுக்குத்தான் காசு. கொடுப்பனவு போமும் "போம்_கொள்வனவு" என்று போட்டு அதையே கூப்பிட்டது. நிறையை அனுப்பினேன், ஈரத்தைப் பங்ஷன் "மீ" (தான் இருக்கும் போமைக் குறிக்கும் சொல்) வழியே தானே எடுத்துக்கொண்டது. என் மேசையில் இரண்டு போமும் திறந்து கிடந்தன. கணக்கு அச்சொட்டாக வந்தது.

ஆலைக் காசாளரோ கொள்வனவை மூடிவிட்டுத்தான் கொடுப்பனவைத் திறப்பார். "போம்_" என்று கூப்பிட்டால், மூடியிருக்கிறது என்று அக்சஸ் சொல்லாது. கண்ணுக்குத் தெரியாமல் போமைத் திறந்து, திறக்கும்போது நடக்கும் லோட் நிகழ்வையும் ஓட்டி, முதல் பதிவில் போய் நிற்கும். எங்கள் முதல் பதிவு நன்றாகக் காய்ந்த நெல், ஈரம் 14. பிறகென்ன, ஈர நெல் கொண்டுவந்தவர்களுக்கும் கழிவில்லாமல் காசு போனது. மழைக்குள் அறுத்த நெல் வேறு. இரண்டு கிழமை கழித்து முதலாளி கூப்பிட்டார்: "தம்பி, நாங்க தண்ணிக்கும் காசு குடுத்திருக்கம் போல."

திறந்திருக்கும் போம்களில் மட்டும் தேடும் "போம்ஸ்!கொள்வனவு" (Forms!) என்று எழுதியிருந்தால் முதல் நாளே போமைக் காணவில்லை என்று 2450 ஆம் பிழை வந்து நின்றிருக்கும். இன்றைக்கும் எரிச்சல் அதில்தான்.

இப்போது இப்படியான கணக்கெல்லாம் எந்தப் போமுக்கும் சொந்தமில்லாத பொது மொடியூலில். நிறை, ஈரம் இரண்டையும் கூப்பிடுகிறவர் கையில் கொடுக்க வேண்டும், "மீ" கிடையாது. போமைத் தொட்டே ஆகவேண்டிய இடத்தில் மட்டும் "போம்ஸ்!", அதற்கும் முன்னால் போம் திறந்திருக்கிறதா என்று கேட்கும் இஸ்லோடட் (IsLoaded). போமை வடிவமைக்கும் டிசைன் வியூவில் திறந்திருந்தாலும் இஸ்லோடட் ஆம் என்றே சொல்லும், கவனம்.

பட்டனின் கிளிக்கை வெளியிலிருந்து கூப்பிடுவது

அது பிரைவேட், அந்தப் போமுக்குள் மட்டும்தான் தெரியும். அதைப் பப்ளிக் ஆக்காமல், உள்ளிருக்கும் வேலையைத் தனிப் பங்ஷனாகப் பிரித்தெடுங்கள்.

சப்போம்

ஒரு போமுக்குள் இருக்கும் இன்னொரு போம். அதன் பங்ஷனைக் கூப்பிட, தாய்ப்போமில் அதைத் தாங்கும் கொன்ட்ரோலின் பெயர்தான் வேண்டும், சப்போமின் பெயர் அல்ல.

குவெரி

போமுக்குள் இருக்கும் பங்ஷன், தரவைத் தேடியெடுக்கும் குவெரியின் கண்ணில் படாது.

அந்தப் பிள்ளையிடம் மாணவர் போமை மூடிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டினான். "பிழை ஒண்டும் வரல்லயே சேர்" என்றான்.